வாட்டைப் பார்த்து வாங்காதீங்க! எலெக்ட்ரிக் சைக்கிளுக்கு கன்ட்ரோலர் தேர்ந்தெடுப்பது எப்படி?



புராஜெக்ட் லிஸ்ட் ஒட்டுற ஒவ்வொரு வருஷமும் அதுல ஒரு எலெக்ட்ரிக் சைக்கிளாவது இருக்கும். பழைய சைக்கிள் ஒண்ணு, பின் சக்கரத்துல ஹப் மோட்டார் ஒண்ணு, லித்தியம் பேட்டரி ஒண்ணு. எந்த மோட்டார், எந்த பேட்டரின்னு டீம்ல ஒரு வாரம் சண்டை நடக்கும். கன்ட்ரோலர் விஷயம் மட்டும் ஒரே நிமிஷத்துல முடிஞ்சிடும். "மோட்டார் 250 வாட் தானே, 250 வாட் கன்ட்ரோலர் போடு." இல்லைன்னா, "500 வாட்டே வாங்கிடு மச்சி, எக்ஸ்ட்ரா இருந்தா நல்லதுதானே."

இந்த ரெண்டு பேச்சிலும் ஒரே பிரச்சினைதான். கன்ட்ரோலர் மேல ஒட்டியிருக்கிற வாட் நம்பரை வெச்சு முடிவு பண்றோம். அந்த லேபிள்லயே நமக்கு ரொம்பக் குறைவா உதவுற நம்பர் அதுதான். பேட்டரியிலிருந்து எவ்வளவு கரன்ட் இழுக்கலாம், மோட்டாருக்குள்ள எவ்வளவு சூடு போகும், கை எடுத்ததும் வண்டி நிற்குமா என்று முடிவு பண்றது எல்லாமே கன்ட்ரோலர்தான். தப்பா எடுத்தா வெறும் பணம் மட்டும் போகாது. லித்தியம் பேட்டரி மேல உட்கார்ந்து ஓட்டப்போறது நம்ம டீம்ல யாரோ ஒருத்தர்.

அதனால இந்தக் கட்டுரையில் ஒரு நிஜமான செட்டப்பை எடுத்துக்கிட்டு, படிப்படியா கன்ட்ரோலர் வரைக்கும் போகலாம். நம்ம உதாரணம் இதுதான்: 26 இன்ச் சக்கரம், 36 வோல்ட் 250 வாட் கியர்டு ஹப் மோட்டார், பத்து செல் சீரிஸ்ல நாலு செல் பேரலல்ல இருக்கிற, அதாவது 10எஸ் 4பி, லித்தியம் அயான் பேட்டரி.

உள்ளே என்னதான் இருக்கு?

ஒரு பி.எல்.டி.சி. கன்ட்ரோலரைத் திறந்து பார்த்தா முக்கியமா கண்ணுல படுறது வரிசையா நிற்கிற மாஸ்ஃபெட்கள். சின்ன கன்ட்ரோலர்ல 6 இருக்கும். மோட்டாருக்குப் போகிற மூணு ஃபேஸ் வயர் ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு. ஒண்ணு அந்த வயரை பேட்டரி பிளஸ்ஸோட சேர்க்கும், இன்னொண்ணு மைனஸ்ஸோட சேர்க்கும். மோட்டாருக்குள்ள இருக்கிற மூணு ஹால் சென்சார், காந்தம் இப்போ எங்கே இருக்குன்னு சொல்லும். அதைப் பார்த்து எந்த மாஸ்ஃபெட்டை ஆன் பண்ணணும்னு மைக்ரோகன்ட்ரோலர் முடிவு பண்ணும். பிரஷ் உள்ள மோட்டார்ல காம்யுடேட்டர் செய்யுற வேலையை இங்கே எலெக்ட்ரானிக்ஸ் செய்யுது. அவ்வளவுதான்.

கூடவே தடியா ஒண்ணு ரெண்டு கெப்பாசிட்டர் இருக்கும். பேட்டரி வயர் வந்து சேருற இடத்துல ஒரு ஷன்ட், அதாவது சின்ன வளைந்த கம்பித் துண்டு இருக்கும். அந்த ஷன்ட்ல விழுற வோல்டேஜை அளந்துதான் கன்ட்ரோலர் பேட்டரி கரன்ட்டைத் தெரிஞ்சுக்குது. லிமிட் வந்ததும் மேலே போகாம நிறுத்துறதும் அதை வெச்சுத்தான். இந்த லிமிட் என்னன்றதுதான் நாம தேடுற முதல் நம்பர். அதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி இருக்கு.

கேள்வி 1: உங்க மோட்டார் எந்த வகை?

நம்ம ஊர் புராஜெக்ட்கள்ல அதிகமா வர்றது ரெண்டு வகை. ஒண்ணு, எம்.ஒய். 1016 மாதிரியான 24 வோல்ட் பிரஷ்டு மோட்டார். செயின் வழியா சக்கரத்தைச் சுத்தும். இன்னொண்ணு ஹப் மோட்டார், இது பி.எல்.டி.சி.

வயரை எண்ணினாலே தெரிஞ்சிடும். ரெண்டே தடி வயர் இருந்தா பிரஷ்டு. மூணு தடி வயரும் அஞ்சு மெல்லிய வயரும் இருந்தா ஹால் சென்சார் உள்ள பி.எல்.டி.சி. வெறும் மூணு தடி வயர் மட்டும் இருந்தா சென்சார் இல்லாத பி.எல்.டி.சி. ஒண்ணோட கன்ட்ரோலர் இன்னொண்ணுக்கு ஆகாது.

சென்சார் இல்லாத மோட்டாரை ஓட்ட, கன்ட்ரோலர் அந்த மோட்டார் உருவாக்குற பேக் ஈ.எம்.எஃப்.-ஐப் பார்த்து காந்தத்தோட இடத்தைக் கணக்கு போடும். சக்கரம் நின்னுட்டு இருக்கும்போது பேக் ஈ.எம்.எஃப். பூஜ்யம். அதனால சாதாரண சென்சார்லெஸ் கன்ட்ரோலர்கள் கிளம்பும்போது கொஞ்சம் தடுமாறும், உதறும். சிக்னல்ல நின்னு கிளம்புற சைக்கிளுக்கு ஹால் சென்சார் இருக்கிறதே நல்லது. ரெண்டு மோடும் இருக்கிற கன்ட்ரோலர் கிடைச்சா இன்னும் நல்லது. ஒரு ஹால் சென்சார் நடுவழியில போனாலும் வீடு வந்து சேரலாம்.

கேள்வி 2: வோல்டேஜ் மேலேயும் கீழேயும் பொருந்துதா?

"36 வோல்ட் பேட்டரி" என்பது ஒரு பேர் மட்டும்தான். 10எஸ் லித்தியம் அயான் பேட்டரி முழுசா சார்ஜ் ஆனா ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட் வீதம் 42 வோல்ட். 13எஸ், அதாவது "48 வோல்ட்" பேட்டரி 54.6 வோல்ட். 14எஸ் போட்டா 58.8 வோல்ட். லித்தியம் அயர்ன் பாஸ்பேட்ல 16 செல் போட்டு அதையும் 48 வோல்ட்னுதான் விப்பாங்க, ஆனா சார்ஜ் முடியும்போது அது 58.4 வோல்ட்.

இப்போ கன்ட்ரோலருக்குள்ள இருக்கிற கெப்பாசிட்டர் மேல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. 63 வோல்ட்னு இருந்தா 13எஸ் வரைக்கும் நிம்மதி. 14எஸ் விளிம்புல நிக்குது. மாஸ்ஃபெட் ஆஃப் ஆகிற ஒவ்வொரு முறையும் வயரோட இண்டக்டன்ஸால ஒரு ஸ்பைக் வரும், அதுக்கும் இடம் விடணும். 50 வோல்ட் கெப்பாசிட்டர் இருக்கிற பெட்டியில 48 வோல்ட் பேட்டரியைக் கொடுத்தா, அது எப்போ வெடிக்கும்னு மட்டும்தான் கேள்வி.

மேல் பக்கம் மாதிரியே கீழ்ப்பக்கமும் முக்கியம். ஒவ்வொரு கன்ட்ரோலருக்கும் ஒரு லோ வோல்டேஜ் கட்-ஆஃப் உண்டு. 36 வோல்ட் மாடல்ல பெரும்பாலும் 30-லிருந்து 32 வோல்ட்டுக்குள்ள இருக்கும். 48 வோல்ட் மாடல்ல 40 வோல்ட்டைத் தாண்டி இருக்கும். அதனால 48 வோல்ட் கன்ட்ரோலரை 36 வோல்ட் பேட்டரியில் மாட்டினா ஒண்ணும் எரியாது. ஆனா சார்ஜ் முழுசா இருக்கும்போது கொஞ்ச தூரம் ஓடிட்டு, "பேட்டரி காலி"ன்னு நின்னுடும். பல டீம் பேட்டரியைக் குறை சொல்றது இங்கேதான்.

வோல்டேஜ் கூட்டினா வேகம் கூடும், இது உங்களுக்கே தெரியும். நம்ம மோட்டார் 36 வோல்ட்ல லோட் இல்லாம நிமிஷத்துக்கு 250 சுத்து சுத்துதுன்னு வெச்சுக்கோங்க. 26 இன்ச் சக்கரத்தோட சுற்றளவு சுமார் 2.07 மீட்டர். மணிக்கு 31 கிலோமீட்டர் வருது. அதே மோட்டாருக்கு 48 வோல்ட் கொடுத்தா 41. சைக்கிளோட பிரேக் கட்டைகள் 41-க்காகச் செஞ்சதான்னு ஒரு தடவை யோசிச்சுட்டு முடிவு பண்ணுங்க.

கேள்வி 3: கரன்ட். இங்கதான் விஷயமே இருக்கு

ஒரு கன்ட்ரோலர் லேபிளை எடுத்துக்குவோம். "36 வோல்ட், 250 வாட், மேக்ஸிமம் 14 ஆம்பியர்." பெருக்கிப் பாருங்க. 36 × 14 = 504 வாட். அப்போ 250 எங்கிருந்து வந்துச்சு? அது இந்தக் கன்ட்ரோலரை எந்த மோட்டாரோட சேர்த்து விக்கலாம்னு சொல்ற நம்பர். கன்ட்ரோலர் 250 வாட்ல நின்னுடும்னு அர்த்தம் இல்லை. ஒரே 250 வாட் லேபிள் உள்ள ரெண்டு பெட்டியில ஒண்ணு 12 ஆம்பியர் இழுக்கும், இன்னொண்ணு 15 இழுக்கும். அதனால வாட்டை விட்டுட்டு ஆம்பியரைப் பாருங்க.

எத்தனை ஆம்பியர் வேணும்? அதை முதல்ல பேட்டரிகிட்ட கேட்கணும். மூணு லிமிட் இருக்கு.

ஒண்ணு, செல். நம்ம 10எஸ் 4பி-யில் இருக்கிற செல்லோட டேட்டாஷீட் தொடர்ச்சியா 5 ஆம்பியர் தரலாம்னு சொன்னா, நாலு பேரலல்ல 20 ஆம்பியர். பழைய லேப்டாப் பேட்டரியிலிருந்து பிரிச்செடுத்த செல்லா இருந்தா டேட்டாஷீட் நம்பரை மறந்துடுங்க. வயசான செல்லோட உள் ரெசிஸ்டன்ஸ் கூடியிருக்கும், அதே கரன்ட்ல அதிகமா சூடாகும்.

ரெண்டு, பி.எம்.எஸ். அதுல எழுதியிருக்கிற "கன்டினியூயஸ்" கரன்ட்டை மட்டும் பாருங்க, பீக் நம்பரைப் பார்க்காதீங்க.

மூணு, கனெக்டர், வயர், பேக் உள்ளே செல்லை இணைக்கிற நிக்கல் பட்டை.

இந்த மூணுல எது சின்னதோ அதுதான் பேட்டரியோட உண்மையான லிமிட். அதுல சுமார் 80 சதவீதத்துக்கு மேல கன்ட்ரோலர் இழுக்கக்கூடாதுன்னு வெச்சுக்கோங்க. நம்ம உதாரணத்துல 20 ஆம்பியர், அப்போ கன்ட்ரோலர் 15 அல்லது 16 ஆம்பியர்.

இப்போ தலைகீழா யோசிப்போம். 25 ஆம்பியர் கன்ட்ரோலரை 15 ஆம்பியர் பி.எம்.எஸ்.-ல மாட்டினா என்ன ஆகும்? மேடு ஏறும்போது பி.எம்.எஸ். டப்புனு கட் பண்ணும். வண்டி நடு ரோட்டுல நிற்கும். அப்புறம் யாராவது ஒரு ஐடியா சொல்லுவாங்க: "பி.எம்.எஸ்.-ஐ பைபாஸ் பண்ணிடலாம்." தயவு செஞ்சு வேண்டாம். செல்லுக்கும் தீக்கும் நடுவுல கடைசியா நிற்கிற காவல்காரன் அந்த பி.எம்.எஸ். தான். கட் ஆகிற பேட்டரி தன்னைக் காப்பாத்திக்கிது. அதுக்குத் தீர்வு சின்ன கன்ட்ரோலர், இல்லைன்னா பெரிய பேட்டரி. மூணாவது வழி கிடையாது.

15 ஆம்பியர் போதுமா?

கணக்கு போட்டுப் பார்ப்போம். ஓட்டுறவர் 65 கிலோ, சைக்கிள் பேட்டரியோட 25 கிலோ, மொத்தம் 90 கிலோ.

சமதளத்துல மணிக்கு 25 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு சுமார் 6.9 மீட்டர். டயர் உராய்வு ஏறக்குறைய 9 நியூட்டன், காத்தோட எதிர்ப்பு ஏறக்குறைய 17 நியூட்டன். மொத்தம் 26. வேகத்தால பெருக்கினா சுமார் 180 வாட். மோட்டாரும் கன்ட்ரோலரும் சேர்ந்து 78 சதவீதத் திறன்னு எடுத்தா பேட்டரியிலிருந்து 230 வாட் போகுது. 36-ஆல வகுத்தா ஆறரை ஆம்பியர் கூட வரல.

இப்போ ஃப்ளைஓவர். 5 சதவீத ஏற்றம், மணிக்கு 18 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 5 மீட்டர். ஏற்றத்துக்கு மட்டும் 44 நியூட்டன், உராய்வு 9, காத்து 9. மொத்தம் 62 நியூட்டன், 310 வாட். இங்கே திறன் கொஞ்சம் குறைஞ்சு 75 சதவீதம்னு வெச்சா பேட்டரியிலிருந்து 413 வாட், சுமார் 11.5 ஆம்பியர். அதுவும் நீங்க பெடலே மிதிக்காம உட்கார்ந்திருந்தா! லேசா மிதிச்சு 75 வாட் கொடுத்தாலே 9 ஆம்பியருக்குக் கீழே வந்துடும்.

அதனால நம்ம ஊர் ரோட்டுக்கும் ஒருத்தர் ஓட்டுற சைக்கிளுக்கும் 15 ஆம்பியர் தாராளம். இதுக்கு 6 மாஸ்ஃபெட் கன்ட்ரோலரே போதும். 12 மாஸ்ஃபெட், 30 ஆம்பியர் பெட்டி எல்லாம் சரக்கு வண்டி கட்டுறவங்களுக்கு. உங்க எடை, உங்க ரூட் வேறன்னா இதே கணக்குல உங்க நம்பரைப் போட்டுப் பாருங்க. ரிவ்யூல "ஏன் இந்தக் கன்ட்ரோலர்?"னு கைடு கேட்டா காட்டுறதுக்கும் இந்த ஒரு பக்கம் உதவும்.

பேட்டரி கரன்ட் வேற, ஃபேஸ் கரன்ட் வேற

இது நிறைய பேர் தவறவிடுற பாயிண்ட். கொஞ்சம் பொறுமையா படிங்க.

கன்ட்ரோலர் பி.டபிள்யூ.எம்.-ல வேலை செய்யுது. மோட்டாரோட வைண்டிங் ஒரு இண்டக்டர். அப்போ மொத்த அமைப்பும் ஒரு பக் கன்வெர்ட்டர் மாதிரிதான். நாம பவர் எலெக்ட்ரானிக்ஸ்ல படிச்ச அதே பக் கன்வெர்ட்டர். உள்ளே வர்ற வோல்டேஜ் அதிகம், கரன்ட் குறைவு. வெளியே போற வோல்டேஜ் குறைவு, கரன்ட் அதிகம்.

சக்கரம் மெதுவா சுத்தும்போது டியூட்டி சைக்கிள் 25 சதவீதம்னு வெச்சுக்குவோம். பேட்டரியிலிருந்து 10 ஆம்பியர் போகுது. இழப்பை விட்டுட்டுப் பார்த்தா ஃபேஸ் வயர்ல ஓடுறது 40 ஆம்பியர். டிஸ்ப்ளேயில் உங்களுக்கு 10 தான் தெரியும். மோட்டார் அனுபவிக்கிறது 40.

மோட்டாருக்கு டார்க் தர்றதும் இந்த ஃபேஸ் கரன்ட்தான், அதைச் சூடாக்குறதும் இதேதான். சூடு கரன்ட்டோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி போகும். கரன்ட் ரெண்டு மடங்கானா சூடு நாலு மடங்கு. கியர்டு ஹப் மோட்டார்ல வைண்டிங் உள்ளே இருக்கும், அதைச் சுத்தி காத்து இடைவெளி, அதுக்கு வெளியேதான் சுத்துற ஓடு. சூடு வெளியே வர வழி ரொம்பக் குறைவு. கூடவே உள்ளே இருக்கிற பிளானட்டரி கியர் பெரும்பாலும் நைலான். பெரிய கன்ட்ரோலரைப் போட்டுட்டு, செங்குத்தான மேட்டுல மணிக்கு 6, 7 கிலோமீட்டர்ல ஊர்ந்து ஏறினா, டிஸ்ப்ளேயில் எல்லாம் நார்மலா தெரியும்போதே உள்ளே கியர் இளகிட்டு இருக்கும்.

"எக்ஸ்ட்ரா இருந்தா நல்லதுதானே" என்ற பேச்சு இங்கே உடையுது. கன்ட்ரோலர்ல இருக்கிற எக்ஸ்ட்ரா சும்மா உட்கார்ந்திருக்காது. த்ராட்டிலை முழுசா திருப்பின அடுத்த நொடி அது பேட்டரிக்கும் மோட்டாருக்கும் போய்ச் சேரும்.

நல்ல கன்ட்ரோலர்கள்ல பேட்டரி கரன்ட், ஃபேஸ் கரன்ட் ரெண்டுக்கும் தனித்தனி லிமிட் செட் பண்ணலாம். மோட்டார் டெம்பரேச்சர் சென்சாருக்கும் ஒரு இன்புட் இருக்கும். மலிவான பெட்டியில இதெல்லாம் இருக்காது. அப்படிப்பட்ட பெட்டிதான் கையில இருக்குன்னா ஒரே விதி: மேட்டுல வேகம் பத்துக்குக் கீழே போனா த்ராட்டிலைக் குறைச்சுட்டு பெடல் மிதிங்க.

ஸ்கொயர் வேவ், சைன் வேவ், எஃப்.ஓ.சி.

இதுல நேரம் அதிகம் போக்க வேண்டாம், சுருக்கமா சொல்றேன்.

ஸ்கொயர் வேவ், அதாவது ட்ரெப்பிசாய்டல்: மலிவு, எளிமை, கடையில் எளிதா கிடைக்கும். கிளம்பும்போது "ர்ர்ர்"ன்னு ஒரு சத்தம் இருக்கும். முதல் பில்டுக்கு இது போதும்.

சைன் வேவ்: சத்தம் குறைவு, ஓட்டம் மென்மை. விலை கொஞ்சம் கூட. சீனாவோட குன்டெங் கன்ட்ரோலர்கள்ல இந்த வகை நிறைய வருது. டிஸ்ப்ளே வழியாவே கரன்ட் லிமிட், வேக லிமிட் எல்லாம் குறைக்கலாம்.

எஃப்.ஓ.சி., அதாவது ஃபீல்டு ஓரியன்டட் கன்ட்ரோல்: நேரடியா டார்க்கையே கன்ட்ரோல் பண்றது. ஸ்வீடனைச் சேர்ந்த பெஞ்சமின் வெடர் உருவாக்கின வெஸ்க் இதுக்கு நல்ல உதாரணம். ஃபர்ம்வேர் முழுக்க ஓப்பன் சோர்ஸ். லேப்டாப்புல இணைச்சா மோட்டாரோட ரெசிஸ்டன்ஸ், இண்டக்டன்ஸ் எல்லாத்தையும் அதுவே அளந்துக்கும். உங்க புராஜெக்ட்டே கன்ட்ரோல் அல்காரிதம் பத்தினதுன்னா, டேட்டா லாக் எடுக்கணும்னா இதை எடுங்க. வெறும் சைக்கிள் ஓடினா போதும்னா இது தேவையில்லாத செலவு.

ரீஜென் பத்தியும் ஒரு வரி. கியர்டு ஹப் மோட்டாருக்குள்ள ஒரு வழி கிளட்ச் இருக்கும். சக்கரம் முன்னாடி உருளும்போது மோட்டாரைச் சுத்தாது. அதனால ரீஜென் வசதி இருக்கிற கன்ட்ரோலர் வாங்கினாலும் கியர்டு ஹப்ல அது வேலை செய்யாது. டைரக்ட் டிரைவ் ஹப்லதான் வரும்.

உயிரைக் காப்பாத்துற வயர்கள்

கன்ட்ரோலர்ல இருந்து வெளியே வர்ற கொத்து வயர்ல ரெண்டு விஷயத்தை எக்காரணம் கொண்டும் விட்டுடாதீங்க.

முதல் விஷயம், பிரேக் கட்-ஆஃப். பிரேக் லீவரைப் பிடிச்சதும் மோட்டாரை நிறுத்துற சுவிட்ச். நிறைய பில்டுல இந்த வயர் இணைக்கப்படாம டேப் சுத்தித் தொங்கிட்டு இருக்கும். "பிரேக்தான் பிடிக்குதே, எதுக்கு இது?"ன்னு கேட்பாங்க. பதில் ரெண்டாவது விஷயத்துல இருக்கு.

ரெண்டாவது, த்ராட்டில். அது ஒரு ஹால் சென்சார்தான். மூணு வயர்: 5 வோல்ட், கிரவுண்டு, சிக்னல். சும்மா இருக்கும்போது சிக்னல் சுமார் 0.8 வோல்ட். முழுசா திருப்பினா மூணரை, நாலு வோல்ட். இப்போ கைப்பிடி திரும்பித் திரும்பி அந்த கிரவுண்டு வயர் மட்டும் உள்ளே அறுந்துடுச்சுன்னு வெச்சுக்கோங்க. சிக்னல் 5 வோல்ட்டை நோக்கி ஏறும். கன்ட்ரோலருக்கு அது என்னவா தெரியும்? முழு த்ராட்டில். நீங்க கையை எடுத்தாலும் வண்டி பாயும்.

நல்ல கன்ட்ரோலர் இதைக் கண்டுபிடிக்கும். சிக்னல் எதிர்பார்த்த எல்லையைத் தாண்டினா "த்ராட்டில் ஃபால்ட்"னு நிறுத்திடும். ஸ்விட்ச் ஆன் பண்ணும்போதே த்ராட்டில் திரும்பியிருந்தாலும் கிளம்பாது. உங்க கன்ட்ரோலர் இதைச் செய்யுதான்னு நீங்களே சோதிக்கலாம். பின் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஸ்டாண்டுல வெச்சு, யாரும் கிட்ட இல்லாம, த்ராட்டில் கிரவுண்டு வயரை மட்டும் கழட்டிட்டு ஆன் பண்ணுங்க. சக்கரம் சுத்த ஆரம்பிச்சா, அந்தக் கன்ட்ரோலரோட த்ராட்டில் மட்டும் வெச்சு ரோட்டுக்குப் போகாதீங்க. பெடல் அசிஸ்ட் சென்சாருக்கு மாறுங்க, இல்லைன்னா கன்ட்ரோலரை மாத்துங்க. எந்த வழியா இருந்தாலும் பிரேக் கட்-ஆஃப் கண்டிப்பா இருக்கணும்.

சட்டம் என்ன சொல்லுது?

மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, பெடல் அசிஸ்ட் சைக்கிள் மோட்டார் வாகனமாகக் கருதப்படாமல் இருக்க சில நிபந்தனைகள் உண்டு. மோட்டாரின் 30 நிமிட பவர் 250 வாட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும். வேகம் 25 கிலோமீட்டரைத் தொட்டாலோ, பெடல் மிதிப்பதை நிறுத்தினாலோ மோட்டார் நிற்க வேண்டும். எடை 60 கிலோவுக்குள் இருக்க வேண்டும். இதையெல்லாம் அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனம் சரிபார்த்திருக்க வேண்டும் என்பதும் அதே விதியில் இருக்கு.

அதாவது, "250 வாட்தானே போட்டிருக்கோம், லைசென்ஸ் வேண்டாம்"னு நாமளே முடிவு பண்ண முடியாது. வீட்டுல கட்டின சைக்கிளை கேம்பஸ் உள்ளே ஓட்டி சோதிக்கிறதுதான் பாதுகாப்பு. இன்னொண்ணும் கவனிங்க. வேகத்தை 25-ல நிறுத்துறது, மிதிக்காட்டி நிறுத்துறது, ரெண்டும் கன்ட்ரோலர் செய்யுற வேலை. வேக லிமிட் செட் பண்ண முடியாத கன்ட்ரோலர் வாங்கினா அந்த வாய்ப்பே போயிடுது.

எங்கே மாட்டுறது?

கன்ட்ரோலர் சூடாகும். ஃபேஸ்ல 30 ஆம்பியர் ஓடுது, ஒரு நேரத்துல ரெண்டு மாஸ்ஃபெட் வழியா போகுது, சூடான நிலையில ஒவ்வொண்ணுக்கும் 8 மில்லி ஓம்னு வெச்சா, 30 × 30 × 0.016. சுமார் 14 வாட். ஸ்விட்சிங் இழப்பு தனி. அலுமினியப் பெட்டியை பேட்டரியோட ஒரே துணிப் பைக்குள்ள திணிச்சா இந்தச் சூடு முழுக்க பேட்டரிக்குப் போகும். வெளியே, காத்து படுற இடத்துல, ஃபிரேம் இரும்போட ஒட்டி மாட்டுங்க.

மழைக்காக வயர் வெளியே வர்ற பக்கம் கீழ்நோக்கி இருக்கட்டும். வயரைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு மேலே கொண்டு போனா தண்ணி வயர் வழியா உள்ளே போகாம சொட்டிடும்.

பேட்டரிக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவுல உள்ள வயர் முடிஞ்சவரை குட்டையா இருக்கணும். அது நீளமானா இண்டக்டன்ஸ் கூடி ஸ்பைக் வரும், கெப்பாசிட்டர் கஷ்டப்படும். நீளம் தேவைன்னா மோட்டார் பக்கம் ஃபேஸ் வயரை நீட்டுங்க.

ஃபியூஸ் பேட்டரி பக்கத்துலயே இருக்கணும். கார்ல போடுற பிளேடு ஃபியூஸ் பெரும்பாலும் 32 வோல்ட்டுக்குத்தான். 42 வோல்ட் பேட்டரிக்கு 58 வோல்ட் ரேட்டிங் உள்ளதைக் கேட்டு வாங்குங்க.

வாங்கி வந்த அன்னைக்கு

ரோட்டுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் இதுக்கு ஒதுக்குங்க.

1. மல்டிமீட்டர்ல ஒவ்வொரு ஃபேஸ் வயருக்கும் பேட்டரி பிளஸ், மைனஸ் ரெண்டுக்கும் நடுவுல ஷார்ட் இருக்கான்னு பாருங்க. மூணு ஃபேஸும் ஒரே மாதிரி காட்டணும். ஒண்ணு மட்டும் பூஜ்யம் காட்டினா அங்கே மாஸ்ஃபெட் போயிருக்கு, திருப்பிக் கொடுத்துடுங்க.

2. மோட்டாரை இணைக்காம முதல் தடவை பவர் கொடுக்கும்போது பேட்டரியோட சீரிஸ்ல மூணு 12 வோல்ட் 21 வாட் கார் இண்டிகேட்டர் பல்பைப் போடுங்க. அந்த மூணும் தங்களுக்குள்ள சீரிஸ்ல இருக்கணும். கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகும்போது ஒரு மின்னல் மாதிரி எரிஞ்சு அணைஞ்சா எல்லாம் நல்லா இருக்கு. பிரகாசமா எரிஞ்சுக்கிட்டே இருந்தா உள்ளே ஷார்ட். இரண்டு வாட்டுக்கும் குறைவான செலவில் ஒரு பேட்டரியைக் காப்பாத்துற வித்தைன்னு சும்மா வேடிக்கையா சொல்லலாம், ஆனா வித்தை நிஜம்.

3. பல்பு டெஸ்ட் முடிஞ்சதும் மோட்டாரை இணைச்சு, சக்கரத்தைத் தூக்கி வெச்சு மெதுவா த்ராட்டில் கொடுங்க. மோட்டாரும் கன்ட்ரோலரும் வேற வேற கம்பெனின்னா கலருக்குக் கலர் சேர்த்தா ஓடும்னு நம்பாதீங்க. ஹால் வயரை அப்படியே வெச்சுக்கிட்டு மூணு ஃபேஸ் வயரை மாத்தி மாத்தி இணைச்சா 6 வரிசை வரும். சில தப்பான வரிசையிலும் சக்கரம் சுத்தும், ஆனா உறுமும், கரன்ட் அதிகமா இழுக்கும். சரியான வரிசையில கியர்டு ஹப் லோட் இல்லாம ஏறக்குறைய ஒரு ஆம்பியர்தான் இழுக்கும். பல கன்ட்ரோலர்ல "செல்ஃப் லேர்ன்" வயர் ஜோடி இருக்கும். அதை இணைச்சா வரிசையை அதுவே கண்டுபிடிச்சுக்கும்.

4. பிரேக் லீவரைத் தொட்டதும் சக்கரத்துக்குப் போற பவர் நிற்குதான்னு பாருங்க. இடது, வலது ரெண்டு லீவரும்.

5. மேலே சொன்ன த்ராட்டில் கிரவுண்டு சோதனை.

6. கேம்பஸ்ல பத்து நிமிஷம் ஓட்டிட்டு வந்து கன்ட்ரோலர், மோட்டார் ஓடு, பேட்டரி கனெக்டர் மூணையும் தொட்டுப் பாருங்க. கை வைக்க முடியாத சூடு எங்கே இருக்கோ, அங்கேதான் அடுத்த பிரச்சினை வரப்போகுது.

சுருக்கமா

கடைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல இந்த அஞ்சு வரியை எழுதிக்கோங்க. நம்ம உதாரணத்துக்கான பதிலையும் சேர்த்தே தர்றேன்.

மோட்டார் வகை: ஹால் சென்சார் உள்ள பி.எல்.டி.சி.
முழு சார்ஜ் வோல்டேஜ்: 42. கட்-ஆஃப் 30-லிருந்து 32 வோல்ட்டுக்குள்.
பேட்டரி தரக்கூடிய கரன்ட்: 20 ஆம்பியர். கன்ட்ரோலர் லிமிட் 15.
மேட்டுக்குத் தேவையான கரன்ட்: 11.5. அப்போ 15 போதும்.
கட்டாயம் இருக்க வேண்டியவை: பிரேக் கட்-ஆஃப், த்ராட்டில் ஃபால்ட் பாதுகாப்பு, பெடல் அசிஸ்ட் இன்புட், வேக லிமிட்.

இதுல எங்கேயாவது வாட் வந்துச்சா? வரலைல்ல. ரிச்சி ஸ்ட்ரீட் கவுன்டர்ல நின்னாலும் சரி, ஆன்லைன்ல கார்ட்டுல போட்டாலும் சரி, "எத்தனை வாட்?"னு கேட்டா "எத்தனை ஆம்பியர் லிமிட், கட்-ஆஃப் எவ்வளவு?"ன்னு நீங்க திருப்பிக் கேளுங்க. அந்த ரெண்டு நம்பரும் லேபிள்லயோ டேட்டாஷீட்லயோ இல்லாத பெட்டி எவ்வளவு மலிவா இருந்தாலும் விட்டுட்டு அடுத்த பெட்டியைப் பாருங்க.

உங்க பில்ட் ஓடட்டும், பத்திரமா நிற்கவும் செய்யட்டும். வாழ்த்துகள்!